மின்சாரம் திரும்பியதும் படம் ஓடாதது ஏன்?

கேள்வி: பழைய மேசைக் கணினியொன்றில் உபுண்டு லினக்ஸை நிறுவி, காணொளிகளைத் தொகுத்து ஓட்டும் ஜெலிஃபின் செயலியை டொக்கர் கொள்கலனாக (செயலியைத் தனிப் பொதியாகப் பிரித்து ஓட்டும் முறை) இயக்குகிறேன். திருமண, திருவிழாக் காணொளிகள் யாவும் தனி மின்னிணைப்புடைய வெளி வன்தட்டில் உள்ளன. மின்தடை நீங்கியதும் கணினி தானாகவே தொடங்கி, ஜெலிஃபின் திரையும் வருகிறது. ஆனால் எதுவும் ஓடுவதில்லை. வன்தட்டைத் திறந்து பார்த்தால் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. கொள்கலனை அழித்து மீண்டும் நிறுவினால் சரியாகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் செய்ய வேண்டுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டியதில்லை. வன்தட்டு ஆயத்தமாவதற்கு முன்பே டொக்கர் தொடங்கிவிடுவதுதான் இங்கே கோளாறு. தொடங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது எனக் கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டாப் (fstab) கோப்பில், வட்டு வராவிட்டாலும் தொடரச் சொல்லும் 'நோஃபெயில்' (nofail) என்பதை எழுதியிருப்பீர்கள் என ஊகிக்கிறேன். அது இல்லாவிட்டால் கணினி வன்தட்டுக்காகக் காத்திருந்து, கிடைக்காதபோது அவசர நிலையில் நின்றிருக்கும். அது இருப்பதால் கணினி காத்திராமல் மேலே செல்ல, ஜெலிஃபினுக்கு வன்தட்டுக்குப் பதிலாக அது இணைய வேண்டிய வெற்றுக் கோப்புறையே கிடைக்கிறது. சில விநாடிகளில் வன்தட்டு இணைந்தாலும், டொக்கரின் இயல்பான அமைப்பில், கொள்கலன் தொடங்கிய பின் வெளியே நிகழும் இணைப்பு உள்ளே தெரிவதில்லை. ஆகவே உங்களுக்குக் கோப்புகள் தெரிகின்றன, ஜெலிஃபினுக்குத் தெரியவில்லை. மீள நிறுவியது வீண் வேலை. கொள்கலனை ரீஸ்டார்ட் செய்திருந்தாலே போதும்.

இதைவிட மோசமான விளைவும் உண்டு. அந்த இடைவெளியில் வேறொரு கொள்கலன் அக்கோப்புறையில் எதையேனும் பதிவிறக்கினால், அது கணினியின் உள்வட்டை நிரப்பும்; வன்தட்டு இணைந்ததும் அதன் அடியில் மறைந்து கண்ணுக்கும் தெரியாது.

நிரந்தரத் தீர்வுக்கு முதலில் எஃப்எஸ்டாபில் வன்தட்டை எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) போன்ற பெயரால் அல்லாமல், அதற்கே உரிய மாறாத அடையாளமான யூயூஐடி (UUID) எண்ணால் குறிப்பிடுங்கள். அந்தப் பெயர்கள் மறுதொடக்கத்தில் மாறக்கூடியவை. பின்னர் லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd) டொக்கர் சேவைக்கான மேலதிக அமைப்பைத் திறந்து, யூனிட் (Unit) பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபோர்' (RequiresMountsFor=) என்ற வரியை எழுதி, வன்தட்டு இணையும் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். இனி வன்தட்டு இணையும்வரை டொக்கர் காத்திருக்கும். வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் ஏறத்தாழ 90 விநாடிகள். அதற்குள்ளும் வராவிட்டால் டொக்கர் தொடங்காது, மற்றக் கொள்கலன்களும் நின்றுவிடும். காலியான கோப்புறையோடு ஓடுவதைவிட இது நல்லது என்பதே என் கருத்து. வன்தட்டைச் சரிபார்த்துவிட்டு டொக்கரை நீங்களே தொடக்கலாம்.

தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மின்கம்பிகளில் மரம் சாய்வது உங்கள் பக்கம் புதிதல்ல என்பதால், யூபிஎஸ் ஒன்றை வாங்குவதும் தகும்; ஆனால் கணினியோடு வன்தட்டின் அடாப்டரையும் அதிலேயே செருகுங்கள். பார்த்த விவரங்களையும் பயனர் கணக்குகளையும் ஜெலிஃபின் தன் அமைப்புக் கோப்புறையிலுள்ள எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளத்தில் வைக்கிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அது பழுதடையக்கூடும். எனவே அந்தக் கோப்புறையை உள்வட்டில் வைத்து, கொள்கலனை நிறுத்திய நிலையில் அவ்வப்போது அதற்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.