காணியை விற்க வேண்டாம், மகளுக்குப் பிடித்த படிப்பு பக்கத்திலேயே இருக்கிறது

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சையில் மகள் எடுத்த இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதவில்லை. நிலாவெளிக் காணியை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பிக்கச் சொல்லிக் கனடா மாமா நெருக்குகிறாராம். மகள் எதுவும் சொல்லவில்லையாம்.

அம்மா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் காணியை விற்காதீர்கள். கட்டணம் டொலரில். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. அப்போது பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்த பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்டத்தோடு திரும்பினாலும் மருத்துவ சபையின் பரீட்சையில் தேறாமல் இங்கே தொழில் செய்ய முடியாது. கடன் உங்கள் தலையில், பெருமை மாமாவுக்கு. இது நியாயமில்லை.

மகள் எதுவும் சொல்லவில்லை என்பதும் சரியில்லை. பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்த அவருடைய தம்பிமார் இருவரில் ஒருவர் மட்டும் பொருந்தியது ஏன் என்று ஓயாமல் கேட்டாள் என நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் சொல்லிவிட்டாள்.

அதற்கான விடை 6ஆம் நிறமூர்த்தத்தில் நெருங்கி அமைந்த, நம் உடல் தன்னையும் அந்நியத்தையும் பிரித்தறிய உதவும் எச்எல்ஏ பரம்பரையலகுகளில் இருக்கிறது. ஏ, பி, சி என்பவற்றின் புரதங்கள் கருவுள்ள கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் மேற்பரப்பிலும் உண்டு. டிஆர், டிகியூ, டிபி பெரும்பாலும் நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்களில். இவை புரதத் துண்டுகளைப் பிடித்து, அந்நியமானதைத் தாக்கும் ரி கலங்களுக்குக் காட்டுகின்றன. துண்டைப் பிடிக்கும் பள்ளத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். ஆயிரக்கணக்கான வடிவங்கள் அறியப்பட்டுள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி வருவதால், உடன்பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதே வேறுபாடு மருந்திலும் விளையாடும்: எச்எல்ஏ பி-யின் பி*15:02 வடிவம் உள்ளவருக்கு வலிப்பு மருந்தான கார்பமாசெபின் உயிராபத்தான தோல் நோயைக் கொண்டுவரலாம். அப்புறம் நிர்ப்பீடனக் கலங்களை வகை பிரிக்க உதவும் சிடி4, சிடி8 போன்ற மேற்பரப்பு அடையாளங்கள். எச்ஐவி நோயாளியின் சிடி4 கலங்களை எண்ணுவதும், இரத்தப் புற்றுநோய் எந்த வகையென்று பிரித்தறிவதும் ஆய்வுகூடத்தில் நடக்கும் வேலை.

இந்த வேலைக்கான வாசல் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், படிப்புக்கட்டணம் இல்லை. பிறகு விரும்பினால் கொழும்பில் மூலக்கூற்று உயிரியலில் முதுமாணி செய்யலாம். டொக்டர் என்ற பட்டம் பெயருக்கு முன்னால் வராது, உண்மைதான். ஆனால் எந்தச் சிறுநீரகம் யாருக்குப் பொருந்தும் என்ற அறிக்கை இந்த மேசையிலிருந்துதான் வைத்தியருக்குப் போகிறது.

முந்தைய வருட வெட்டுப்புள்ளியைப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பார்த்துவிட்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசையை அவளே நிரப்பட்டும். பக்கத்தில் மாமா வேண்டாம்.