டியூபெரேரியா குட்டாட்டா: இந்தப் பெயர் எப்படி வந்தது, செடியை எப்படி அடையாளம் காண்பது?

மத்தியத்தரைக்கடல் கரையோரப் புதர்க்காடுகளின் மணற்பாங்கான, சுண்ணாம்பில்லாத நிலத்தில் தானே முளைக்கும் ஓராண்டுச் செடி இது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் சிஸ்டஸ் குட்டாட்டஸ். குட்டாட்டா என்றால் புள்ளியிட்டது. மஞ்சள் இதழ்கள் ஐந்தின் அடியிலும் பெரும்பாலும் கருஞ்சிவப்புப் பொட்டு இருக்கும். புள்ளியே இல்லாத பூக்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

இப்போதைய பேரினப் பெயரான டியூபெரேரியா, மண்ணுக்கடியில் வளரும் ட்ரஃபிள் காளானைக் குறிக்கிறது. டெர்ஃபீசியா அரனேரியா என்ற மண்ணடிக் காளான் இதன் வேரோடு கூட்டுவாழ்வு நடத்துகிறது. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் காளான் தேடுவோர் முதலில் இந்தச் செடியைத்தான் தேடுவார்கள். இதன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பார்க்கப் போவதென்றால் காலையிலேயே போங்கள். நண்பகலுக்குள் இதழ்கள் உதிர்ந்துவிடும். இதைப் போலவே தோன்றும் ஹீலியாந்திமம் செடியோடு குழப்பம் வந்தால் சூலகத்தைப் பாருங்கள்: ஹீலியாந்திமத்தில் சூலகத்துக்கும் உச்சியிலுள்ள சூல்முடிக்கும் இடையே நீண்ட சூல்தண்டு உண்டு; இதில் சூல்முடி ஏறக்குறைய நேரடியாகச் சூலகத்தின் மேல் அமர்ந்திருக்கும். தரையோடு ஒட்டிய இலைவட்டமும் நல்ல அடையாளம், ஆனால் பூக்கும்போது அது காயத் தொடங்கிவிடும்.

வளர்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் விதையில். மேலுறை கடினம், நீர் உள்ளே இறங்காது. இரண்டு உப்புத்தாள்களுக்கு இடையில் வைத்து மெல்லத் தேய்த்து, இலையுதிர்காலத்தில் மணல்மேல் தூவுங்கள். ஆழப் புதைக்க வேண்டாம். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து வாடிவிடும். உரமும் வேண்டாம்.