முதல் மழையோடு வெங்காயம் நடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் ஆறு பரப்புச் செம்மண் தோட்டம் செய்து வருகிறேன். புரட்டாதி முழுவதும் பகலில் 33 பாகை வரை வெயில் எரித்தது. வரும் வியாழக்கிழமை முதல் வெப்பநிலை 29 பாகைக்குக் குறையும் என்றும், பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும் என்றும் வானிலை அறிவிப்பில் சொல்கிறார்கள். விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டித் தயாராகத் தொங்குகிறது. மிளகாய் நாற்றுமேடை போட்டுப் பத்து நாள் ஆகிறது. இந்த மழையோடு வெங்காயத்தை நட்டுவிடலாமா? இறைப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: வெங்காயத்தை இப்போது நட வேண்டாம். இறைப்பையும் அறிவிப்பை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். வரப்போகும் மழை பயனுள்ள மழைதான், ஆயினும் அது மாரி தொடங்கிவிட்டதற்கான அடையாளம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று கொண்டு நடுகையைத் தொடங்கியவர்களின் வெங்காயம் கார்த்திகையில் பாத்தியிலேயே அழுகிப்போவது வலிகாமத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்கு மழைப் பருவங்களாகப் பிரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். ஒக்டோபரும் நவம்பரும் இவற்றுக்கு இடைப்பட்ட இரண்டாவது இடைப்பருவம். தென்மேற்குப் பருவத்தில் நமக்கு வீசும் சோளகம் தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே கொட்டிவிடுவதால், குடாநாட்டுக்கு அது பெரும்பாலும் காற்றாக மட்டுமே வந்து சேர்கிறது. புரட்டாதியின் கடைசியில் சோளகம் தளர்கிறது. வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று இன்னும் எழுந்திருக்காது. காற்று ஓய்ந்த இந்த நாட்களில் நிலம் காலை முழுவதும் சூடேறி, வடக்கே பாக்கு நீரிணைப் பக்கமிருந்தும் தெற்கே கடல்நீரேரிப் பக்கமிருந்தும் கடற்காற்றை உள்ளே இழுக்கிறது. இரண்டும் நடு நிலத்தில் சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழுந்து, பகல் இரண்டு மூன்று மணியளவில் கருமுகிலாகி, இடி மின்னலோடு கொட்டி ஓய்கிறது. உங்கள் அறிவிப்பிலுள்ள ‘பிற்பகலில் இடியுடன் கூடிய மழை’ இவ்வாறு நிலச்சூட்டில் பிறக்கும் மழையே. கோப்பாயில் வெள்ளம் ஓட, சுன்னாகத்தில் புழுதி பறக்கும் நாட்கள் இப்பருவத்துக்கு உரியவை.

மாரி மழையின் பிறப்பிடம் கடல். கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள் இலங்கையை நோக்கி நகரும்போது, அவற்றைச் சுற்றிவரும் காற்று கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு வடக்கும் வடகிழக்குமாக நம்மீது வருகிறது. அந்த மழைக்கு நிலத்துச் சூடு தேவையில்லை என்பதால் அது நேரம் பார்ப்பதில்லை. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் தொடங்கும், சில நாட்களுக்கு விட்டுவிட்டுப் பெய்யும், குடாநாடு முழுவதையும் ஒருசேர நனைக்கும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழைவீழ்ச்சியில் பாதிக்கும் மேற்பட்டது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. அவற்றுள்ளும் நவம்பரே முதலிடம். 2008 நவம்பரில் நிசா புயலின்போதும், 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவியின்போதும் தோட்டங்களில் நின்ற வெள்ளம் இவ்வழியாக வந்ததே.

ஆகவே மாரி வந்துவிட்டதா என்று அறிய மழையின் அளவைப் பார்ப்பதைவிட, அது பெய்யும் நேரத்தையும் காற்றின் திசையையும் பார்ப்பதே மேல். காற்று வடக்கு அல்லது வடகிழக்கிலிருந்து இரண்டு மூன்று நாட்கள் நிலையாக வீசி, மழை இரவிலும் காலையிலும் விழத் தொடங்கினால் அது மாரி. இதற்கு இன்னொரு வழியும் உண்டு. தோட்டம் செய்வோர் பெரும்பாலும் கவனிக்காத கடற்பரப்புக்கான அறிவிப்பைத் தினமும் பாருங்கள். அது கடற்றொழிலாளருக்காக வெளியிடப்படுவதாயினும், காங்கேசன்துறையை அண்டிய கடலில் காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும் என்பது அதில் தெளிவாக இருக்கும். கார்த்திகையில் வடக்கிலிருந்து வீசிய காற்று திரும்பி, மேற்கிலிருந்து வீசும் கச்சானாக மாறினால், தாழமுக்கம் நம்மைக் கடந்து வடக்கே இந்தியக் கரையை நோக்கிப் போகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். அதையடுத்துச் சில நாட்கள் மழை ஓய்ந்த வெளிப்பு கிடைக்கக்கூடும். கன்று நடவும் மருந்து தெளிக்கவும் களை எடுக்கவும் அந்த இடைவெளி மிகவும் பெறுமதியானது.

அறிவிப்பிலுள்ள குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பநிலை 33 இலிருந்து 29 ஆகக் குறைவது பகலின் உச்சத்தில் மட்டுமே. முகில் வெயிலை மறைப்பதாலும், மழைத்துளிகள் விழும் வழியில் ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதாலும் பகல் தணிகிறது. அதே முகில் இரவில் நிலத்தின் சூட்டை வெளியேற விடாமல் போர்த்தி வைப்பதால் இரவு வெப்பநிலை 25 பாகையை ஒட்டியே நிற்கிறது. இரவிலும் உடலுக்கு இதமான உண்மையான குளிர் மார்கழிக் கடைசியிலும் தையிலுமே வரும். எனவே இப்போது வரவிருப்பது இளஞ்சூடும் ஈரமும் சேர்ந்த காலநிலை. பயிருக்கு அது இதமாகத் தோன்றினாலும், பூஞ்சணத்துக்கு அதைவிட உகந்த நிலை வேறில்லை.

வெங்காயத்தை நிறுத்தி வைக்கச் சொல்வதன் காரணம் இதனோடு சேர்ந்தது. நம்மூர்ச் சின்ன வெங்காயம் நட்டதிலிருந்து ஏறத்தாழ 65 முதல் 75 நாட்களில் முற்றும். ஒரு மாதம் கடந்தபின் கிழங்கு பருக்கத் தொடங்கும். ஒக்டோபர் நடுவில் நட்டால் கிழங்கு பருக்கும் காலம் நவம்பர் நடுப்பகுதிக்குப் பின்னரும், பிடுங்கும் காலம் டிசம்பர் கடைசியிலும் வருகின்றன. அதாவது ஆண்டின் கடும் மழை முழுவதையும் பயிர் தன் மென்மையான பருவத்தில் தாங்க வேண்டியிருக்கும். இலை நாள் முழுதும் காயாமல் இருக்கும்போது திருகல் நோயும் ஊதாப் புள்ளி நோயும் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மழைத்துளி தெறித்தும் காற்றாலும் பரவிவிடும். பிழைத்து வரும் கிழங்கையும் காயவைக்க வெயில் இராது. மழை தணியும் டிசம்பர் பிற்பகுதியில் நட்டீர்களானால், அதே பயிர் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் வறண்ட வெயிலில் முற்றும். சந்தை விலையை எண்ணி முந்துவோரின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் விதை வெங்காயத்துக்குப் போட்ட முதலையே இழக்கும் அபாயம் அந்த விலையைவிடப் பெரியது என்பதே என் தீர்ப்பு. தொங்கும் பிடிகளைக் காற்றோட்டமுள்ள கொட்டிலில் நெருக்கமின்றித் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்து, மெதுமெதுப்பான கிழங்குகளை உடனே அகற்றுங்கள். கூரை ஒழுகுகிறதா என்பதை வியாழக்கிழமைக்கு முன்னர் பார்த்துவிடுவது நல்லது.

இறைப்பைப் பொறுத்தவரை, உங்கள் காணியில் விழுந்த மழையை நீங்களே அளப்பதே சரியான வழி. பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள வெறும் பால்மாப் பேணி ஒன்றை, மரநிழலோ கூரையோ அண்டாத வெளியில், சாயாதபடி நிறுத்தி வையுங்கள். காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். நீர் எத்தனை மில்லிமீற்றர் உயரமோ அத்தனை மில்லிமீற்றர் மழை. திணைக்களமும் 24 மணி நேர மழையை 8.30 மணிக்கே கணக்கிடுவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். வெயிலும் காற்றும் உள்ள நாளில் பயிரும் மண்ணும் சேர்ந்து சுமார் 5 மி.மீ. நீரை இழக்கும்; முகில் மூடிய நாளில் அது 3 மி.மீ. அளவுக்குக் குறையும். பேணியில் 5 மி.மீ. இருந்தால் செம்மண்ணில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஆழமே நனைந்திருக்கும், எனவே மேற்பரப்பு கறுத்துத் தெரிந்தாலும் வேர் நிற்கும் இடம் காய்ந்திருக்கும். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டால் அன்றைய இறைப்பை விட்டுவிடலாம், உதிர்ந்தால் இறையுங்கள். தேவையற்ற இறைப்பைத் தவிர்ப்பதில் எரிபொருள் மிச்சத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. நமது கிணறுகளின் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. ஆண்டு முழுவதும் எடுப்பதை மழை ஈடுசெய்யும் காலம் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களே.

அதிக மழைக்கும் இப்போதே வழி செய்ய வேண்டும். அறிவிப்பில் ‘சில இடங்களில் 75 மி.மீ. இலும் அதிகமான ஓரளவு பலத்த மழை’ என்று வரும் நாட்கள் உண்டு. ஒரு சதுர மீற்றரில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அப்படியாயின் 75 மி.மீ. மழையில் ஒரு பரப்பில் மட்டும் 19,000 லீற்றர் அளவில் நீர் விழுகிறது. செம்மண் இதை விரைவாக உறிஞ்சக்கூடியதே, ஆனால் நெடுநாள் மிதிபட்டு இறுகிய வரப்போரங்களிலும், மேற்பரப்பில் மழை அடித்துப் பொருக்குக் கட்டிய இடங்களிலும் உறிஞ்சாது தேங்கும். முதல் மழையில் மண் இளகியதும் பாத்திகளை ஒரு சாணாவது உயர்த்தி, இடையே வாய்க்கால் வெட்டி, காணியின் தாழ்ந்த மூலையில் ஒரு குழிக்குள் நீரை இறக்குங்கள். வீதிக்கு விட்டால் அயலவருக்கு வெள்ளம், உங்கள் கிணற்றுக்கு நட்டம்.

இந்த வேலைகளின்போது இடி கேட்டால், அது தூரத்தில் என்றாலும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். பனைக்குக் கீழும் கிணற்றடியிலும் நிற்க வேண்டாம். இடைப்பருவ இடிமழையில் மின்னல் உயிரைப் பறிக்கக்கூடியது.

மிளகாய் நாற்றுமேடைதான் இவ்வாரம் உங்கள் கவனத்தை அதிகம் கேட்கும். பத்து நாள் கன்றின் தண்டு நிலமட்டத்தில் இன்னும் இளசு. மண் தொடர்ந்து ஈரமாக இருந்தால் அவ்விடம் நீர் ஊறிச் சுருங்கி, கன்று வட்ட வட்டமாகச் சரிந்து விழும் நாற்றழுகல் வரும். மேடைக்கு மேல் வளைத்த மூங்கில் சிலாகைகளில் தெளிவான பொலித்தீனை, இரு முனையும் திறந்திருக்க, பிற்பகல் ஒரு மணிக்கு இழுத்து மூடி, மழை ஓய்ந்ததும் திறந்துவிடுங்கள். மூடியபடியே விட்டால் உள்ளே ஈரப்புழுக்கம் கூடி, தடுக்க நினைத்த நோயை நீங்களே வளர்த்ததாகிவிடும். நீர் விடுவதைக் காலையோடு நிறுத்துங்கள். கன்றுகள் நெருக்கமாக நின்றால் சிலவற்றைப் பிடுங்கி ஐதாக்கிவிடுங்கள். சரிந்த கன்று தென்பட்டால் அதை அடிமண்ணோடு அகற்றி, அன்றே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் அளவில் மட்டும் ஊற்றுங்கள்.

இந்தக் கன்றுகள் நடுகைக்குத் தயாராகும்போது கார்த்திகை மழை உச்சத்தை நெருங்கியிருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். நடுகைக்கு நாள் குறிக்காமல், உயர்த்திய வரம்புகளை ஆயத்தமாக வைத்திருந்து, தாழமுக்கம் ஒன்று கடந்து காற்று திரும்பும் வெளிப்பில் நடுங்கள். அதுவும் தவறினால் கைகொடுக்க, நவம்பர் முதல் வாரத்தில் சிறிய மேடை ஒன்றை இரண்டாவதாகப் போட்டு வையுங்கள். விதைப்பதற்கு முன் அதன்மேல் வைக்கோலும் உமியும் அடுக்கி எரித்து மண்ணைத் தூய்மையாக்க வேண்டும் என்பதால், அதற்கான வைக்கோலையும் உமியையும் வியாழக்கிழமைக்கு முன்னரே நனையாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.