டிரிம் பம்பை மாற்றியும் கோளாறு போகவில்லை. படகைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சிறிய வேகப் படகு வைத்து நானே ஓட்டுகிறேன். உதவிக்கு ஒரு பையன். ஸ்டெர்ன் டிரைவை (படகின் பின்புறம் புரொப்பெல்லர் இருக்கும் பாகம்) தூக்கி நிறுத்தினால் விடிவதற்குள் தானாக இறங்கிவிடுகிறது என்று சென்னையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். அதை ஏற்றி இறக்கும் டிரிம் பம்ப் போய்விட்டது என்று புதிது மாட்டி, கூலியோடு 94,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்று மாதத்தில் அதே கோளாறு. திரும்பக் கொண்டுபோனால், ராம் (டிரைவைத் தாங்கித் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்) சீல் போயிருக்கிறது, அது தனி வேலை என்று 40,000 கேட்கிறார்கள். வேண்டாம் என்றதற்கு, கழற்றிப் பார்த்த கூலி 6,000 ரூபாயும் யார்டு வாடகை நாளுக்கு 500 ரூபாயும் கட்டினால்தான் படகு என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன், கோபத்தில் படகை மீட்டு வந்து உள்ளூர் மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சாட்சியே அந்த டிரைவ்தான்.

மோட்டார் நன்றாகச் சுற்றி, டிரைவ் மேலே ஏறி, அப்புறம் மெல்ல இறங்கினால், ஹைட்ராலிக் அழுத்தம் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பம்பின் உள் வால்வாக இருக்கலாம், ஹோஸாக இருக்கலாம், இரு பக்க ராம்களின் உள் சீலாகவும் இருக்கலாம். ராமுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, பம்பின் வாயை அடைத்து, பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பம்ப் அழுத்தத்தைப் பிடித்து நின்றால் பழி வேறு இடத்தில். இந்தச் சோதனையைச் செய்யாமலே 94,000 ரூபாய்க்குப் பம்பை மாற்றினார்களா என்பதுதான் உங்கள் வழக்கு. புதுப் பம்ப் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் அவர்கள் உங்களை இழுப்பார்கள், போகாதீர்கள்.

முதல் முறை விட்டபோது கோளாறை எழுதிப் போட்ட ஜாப் கார்டைத் தேடி எடுங்கள். அதில் 'டிரைவ் தானாக இறங்குகிறது' என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 'டிரிம் வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுதியிருந்தால், நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் துணை. அதை அழிக்காமல் வைத்து, பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். கழற்றிய பழைய பம்ப் எங்கே என்றும் எழுத்தில் கேளுங்கள். உங்களிடம் விட்டுக்கொடுத்ததாக எதுவும் எழுதி வாங்காதவரை அது உங்கள் பொருள். தூக்கிப் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தால், அந்தப் பதிலே உங்களுக்கு ஆதாயம்.

அன்று வால்வு போனது, இன்று சீல் போனது, இரண்டும் வேறு வேறு என்று அவர்கள் சொல்லலாம். நடக்காத விஷயமும் இல்லை. உப்புத்தண்ணீரில் ஓடும் படகு. அதனால்தான் வெளியாள் ஒருவரின் பரிசோதனை வேண்டும். படகுகளைப் பரிசோதித்து அறிக்கை தரும் ஒரு மரைன் சர்வேயரை யார்டுக்கே கூட்டிப்போய், அவர்கள் முன்னிலையில் சோதித்து, படம் எடுத்து அறிக்கை வாங்குங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதையும் எழுதச் சொல்லுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால், மறுத்ததைக் குறிப்பிட்டு அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

படகைப் பிடித்து வைக்கும் விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு, ஒரு பொருளின் மீது உழைப்போ திறமையோ செலவழித்தவருக்கு அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. ஆகவே 6,000 ரூபாய்க்கு அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, பிரித்துப் பார்க்க நீங்கள் சம்மதித்திருந்தால். யார்டு வாடகை அப்படி அல்ல. வாடகை உண்டு என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அதை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது கடினம். தன் பாக்கிக்காகப் பிடித்து வைத்துவிட்டு வைத்ததற்கும் வாடகை கேட்பது என்ன கணக்கு? சீசன் கையை விட்டுப் போகிறதென்றால், சர்வேயர் பார்த்து முடித்ததும் 6,000 ரூபாயை 'ஆட்சேபத்துடன், உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று எழுதிக் கட்டி படகை எடுங்கள். பெரிய தொகைக்குச் சண்டை போடும்போது சின்னத் தொகைக்காகப் படகை வெயிலில் விடாதீர்கள்.

அடுத்து, எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எழுப்பப்போகும் ஆட்சேபம்: இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை. லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பிழைப்புக்காகத் தானே ஆட்டோ வாங்கி ஓட்டுபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும். முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டினால் இல்லை. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதற்கு உரிமம், பதிவேடு எல்லாம் சேர்த்து வையுங்கள். ஒரு நுணுக்கம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த விலக்கு 'பொருள்' வாங்கியவருக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது, சேவையைப் பற்றி அந்த விளக்கத்தில் பேச்சில்லை. எனவே புகாரில் பம்ப் என்ற பொருளையும் மாட்டிய வேலையையும் சேர்த்தே எழுத வேண்டும். இதே காரணத்துக்காக வருமான இழப்பைப் பெரிதாகக் கேட்கவும் தயங்குகிறேன். நாளுக்கு இத்தனை ஆயிரம் லாபம் போச்சு என்று எழுத எழுத, பிழைப்புக்காரர் போய் வியாபாரி தெரிவார். வங்கிக் கணக்கு காட்டும் அளவுக்கு மட்டும் கேளுங்கள்.

வொர்க்‌ஷாப் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்ய அதே நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். அதற்கு முன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசத்தோடு. பெரும்பாலும் அதற்குப் பிறகு, சீலை நாங்களே மாற்றித் தருகிறோம், பாகத்துக்கு மட்டும் கொடுங்கள் என்று போன் வரும். வந்தால் மறுக்க வேண்டாம்; ஆனால் போனில் முடிக்காமல், இரவு முழுக்க டிரைவைத் தூக்கி நிறுத்திக் காட்டிய பிறகே பணம் என்றும், ராமுக்கும் பம்புக்கும் சேர்த்து ஆறு மாத உத்தரவாதம் என்றும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.