ஜெல்லுக்குள்ள உயிரோட இருக்குற செல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு, டைப் 1 சுகர். இன்சுலின் சுரக்குற செல்லை ஜெல் உருண்டைக்குள்ள வச்சு வயித்துக்குள்ள போட்டுட்டா அப்புறம் ஊசியே தேவையில்லன்னு ஒரு வீடியோல பாத்தேன். நிஜமா, இல்ல சும்மா பரப்புறாங்களா?

பதில்: சும்மா இல்லம்மா, நிஜமான ஆராய்ச்சிதான். ஆனா இன்னைக்கு உங்க பையனுக்குப் போடுற நிலைமைல இல்ல, இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்த மாதிரி வீடியோவை நம்பி யாராவது டோஸைக் குறைச்சிடுவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. டைப் 1ல இன்சுலினை நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்லயே ரத்தத்துல அமிலம் ஏறுற கீட்டோஅசிடோசிஸ் வந்து உயிருக்கே ஆபத்தாயிடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கணையத்துல லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்னு குட்டிக் குட்டி செல் கூட்டம் இருக்கு, ஒவ்வொண்ணும் சராசரியா 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஏழுல ஒரு பங்கு. அதுக்குள்ள இருக்குற பீட்டா செல்தான் இன்சுலின் சுரக்கும். டைப் 1ல நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே அந்த பீட்டா செல்லை அடிச்சுக் காலி பண்ணிடுது. சரி, இறந்தவங்க தானமா குடுத்த கணையத்துலருந்து திட்டுகளை எடுத்து வச்சா என்னன்னு கேப்பீங்க. வச்சிருக்காங்க. கனடால எட்மண்டன்ல ஜேம்ஸ் ஷபிரோ குழு கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியா 7 பேருக்கு ஏத்துனாங்க, 7 பேருக்குமே ஊசி தேவைப்படலன்னு 2000ல ரிப்போர்ட் வந்துச்சு. ஆனா எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரையை விடாம சாப்பிடணும், அதுல கிருமித் தொற்று, கிட்னி பாதிப்பு, கேன்சர் ரிஸ்க்னு வரிசையா வரும். 11 வயசுப் பிள்ளைக்கு ஊசிக்குப் பதிலா அதைக் குடுக்க எந்த டாக்டருக்கும் மனசு வராது.

அந்த மாத்திரை இல்லாமலே முடியுமாங்குற கேள்விதான் இந்த ஜெல்லுக்கு ஆரம்பம். கொசுவலைல காத்து போகும் கொசு போகாதுல்ல, அதே கணக்கு. குளுக்கோஸ் சின்னது, இன்சுலினும் சின்னது, ரெண்டும் ஜெல்லோட துவாரம் வழியா போய்ட்டு வந்துடும். எதிர்ப்பு சக்தி அனுப்புற ஆன்டிபாடிங்குற புரதம் பெருசு, வெள்ளணு அதைவிட ரொம்பப் பெருசு, அதுங்க வெளியவே நிக்கணும். நிக்கணும்ங்குறதுதான் ஆசை.

கேள்வி: உயிருள்ள செல்லை சாகடிக்காம எப்படி ஜெல்லுக்குள்ள அடைக்கிறாங்க? நான் பயோடெக் முதல் வருஷம்.

பதில்: நல்ல கேள்வி தம்பி. பெரும்பாலும் ஆல்ஜினேட்தான், பழுப்புக் கடற்பாசிலருந்து எடுக்குறது. சோடியம் ஆல்ஜினேட்டைக் கரைச்சு கொழகொழன்னு இருக்கும்போதே செல்லைக் கலந்து, மெல்லிசான ஊசி வழியா கால்சியம் குளோரைடு கரைசல்ல சொட்டுச் சொட்டா விடுவாங்க. சொட்டு உள்ள விழுந்த உடனே கால்சியம் அயனி ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணா இறுக்கிப் பிடிச்சிடும், சொட்டு அப்படியே மணி மணியா நின்னுடும். சூடு பண்ண வேண்டாம், கடுமையான கெமிக்கல் வேண்டாம், செல் பிழைக்குறதுக்குக் காரணமே இதான். ஊசி முனைக்கு உயர் வோல்டேஜ் குடுத்தா சொட்டு பெருசாகுறதுக்கு முன்னாடியே பிச்சுக்கிட்டு விழும், அதை ஏத்தி இறக்கி சைஸை மாத்திக்கலாம். மைக்ராஸ்கோப்ல பாக்கும்போது சில மணிக்கு வால் நீட்டிக்கிட்டு இருக்கும், சிலதுல செல் ஓரத்துல துருத்திக்கிட்டு நிக்கும், அதெல்லாம் கழிச்சுடணும், துருத்துற இடத்துலதான் எதிர்ப்பு சக்தி முதல்ல கை வைக்கும். இன்னொண்ணு, உடம்புக்குள்ள சோடியம் ஜாஸ்தி, அது மெதுவா கால்சியத்தைத் தள்ளிட்டு உக்காந்து ஜெல்லை இளக்கிடும். அதனால கால்சியத்துக்குப் பதிலா பேரியம் போட்டுப் பாக்குறவங்களும் உண்டு.

கேள்வி: எலிக்கு எப்பவோ பண்ணிட்டாங்களாமே, மனுஷனுக்கு ஏன் இவ்வளவு லேட்டு? மருந்து கம்பெனிங்க அமுக்குறாங்களா?

பதில்: யாரும் அமுக்கல. எலில பண்ணது லிம், சன்னு ரெண்டு பேர், 1980ல. ஜெல்லுக்குள்ள வச்ச திட்டுகளை சுகர் வந்த எலிங்களுக்குப் போட்டாங்க, 2லருந்து 3 வாரம் சுகர் கட்டுக்குள்ள இருந்துச்சு. அப்புறம் 1994ல பேட்ரிக் சூன்-ஷியாங் குழு ஒரு மனுஷருக்கு வச்சு அவர் இன்சுலின் ஊசி இல்லாம இருந்தார், ஆனா அவர் ஏற்கனவே கிட்னி மாத்தினவர், அடக்குற மாத்திரையும் எடுத்துக்கிட்டுதான் இருந்தார், அதனால ஜெல் மட்டுமே காப்பாத்துச்சுன்னு சொல்ல முடியாது.

என்னைக் கேட்டா தடை எதிர்ப்பு சக்தி இல்ல, மூச்சுதான். கணையத்தோட எடைல திட்டுகள் 1, 2 சதவீதம்தான், ஆனா அங்க வர்ற ரத்தத்துல சுமார் 10 சதவீதத்தை இதுங்களே வாங்கிக்குது, அவ்வளவு ஆக்சிஜன் பசி. ரத்தக்குழாய்லருந்து ஆக்சிஜன் ஊறிப் போற தூரமோ 100லருந்து 200 மைக்ரான்தான். ஜெல்லுக்குள்ள ரத்தக்குழாய் வளர முடியாது, வளர விட்டா கூடவே வெள்ளணுவும் வந்துடும். எதைத் தடுக்குறதுக்குச் சுவர் கட்டுனாங்களோ அதே சுவர் உள்ள இருக்குறவங்க கழுத்தையும் நெறிக்குது. இது போதாதுன்னு உடம்பு அந்த மணியை அந்நியப் பொருள்னு நினைச்சு சுத்தி வடுத் திசுவைக் கட்டிடும், ஃபைப்ரோசிஸ்னு சொல்றது, அப்புறம் வர்ற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் நின்னு உள்ள இருக்குற செல் பட்டினில செத்துடும்.

2015ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆளுங்க ஒரு விசித்திரமான விஷயம் கண்டுபிடிச்சாங்க, அரை மில்லிமீட்டர் மணியைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மணி மேல வடு கம்மியா கட்டுது. கேக்க சந்தோஷமா இருக்கும், ஆனா கணக்கு பாருங்க, 150 மைக்ரான் திட்டைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மணி குறுக்களவுல 10 மடங்கு, கொள்ளளவுல 1000 மடங்கு! ஒரு ஆளுக்கு லட்சக்கணக்குல திட்டு வேணும், ஒரு மணிக்குள்ள பல திட்டுகளை வச்சாலும் மொத்தமா எவ்வளவு இடம் அடைக்கும், நடுவுல மாட்டுன செல்லுக்கு ஆக்சிஜன் எப்படிப் போகும். அவங்களே ஆல்ஜினேட்டை வேதியியலா மாத்தி, ஸ்டெம் செல்லுலருந்து (வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) வளத்த மனித பீட்டா செல்லை அதுக்குள்ள வச்சு, எதிர்ப்பு சக்தி முழுசா இருக்குற சுண்டெலில 174 நாள் ஓட்டிக் காட்டுனாங்க, அது 2016ல வந்துச்சு. எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுத்த பேப்பர் அது.

மனுஷன்ல வந்து நிக்கும்போதுதான் அடி. வெர்டெக்ஸ்ங்குற அமெரிக்க மருந்து கம்பெனி ஸ்டெம் செல்லுலருந்து பண்ண திட்டுகளை நேரா ஏத்துனப்ப 12 பேர்ல 10 பேருக்கு ஒரு வருஷம் கழிச்சு ஊசி தேவைப்படல, ஆனா அடக்குற மாத்திரையோட. அதே செல்லை உறைக்குள்ள வச்சு மாத்திரை இல்லாம பண்ண ட்ரையலை 2025 மார்ச்ல நிறுத்திட்டாங்க. பாதுகாப்புல பிரச்சினை இல்ல, சி-பெப்டைட் போதுமான அளவு வரல. உடம்பு தானா இன்சுலின் செய்யும்போது கூடவே உடைஞ்சு வர்ற துண்டு அது, ஊசில போடுற இன்சுலின்ல இருக்காது, அதனால அந்த நம்பர் ஏறலன்னா செல் வேலை செய்யலன்னு அர்த்தம்.

கேள்வி: பன்றி செல் வைப்பாங்கன்னு சொல்றாங்களே, ஒத்துக்குமா?

பதில்: பன்றி இன்சுலினுக்கும் நம்ம இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம், பல வருஷம் அதைத்தான் ஊசியா போட்டாங்க. பன்றித் திட்டுகளை ஆல்ஜினேட்ல வச்சு நியூசிலாந்துல மனுஷங்ககிட்ட சோதனையும் நடந்துச்சு, ஆனா சிகிச்சைங்குற அளவுக்கு வரல. பன்றி ஜீன்லயே ஒளிஞ்சிருக்குற வைரஸ் பத்தின கவலை தனி.

கேள்வி: சுகரைத் தவிர வேற எதுக்காவது இந்த டெக்னிக் பயன்படுதா?

பதில்: பயன்படுது, அதுவும் மனசு நெகிழ்ற மாதிரி. லண்டன் கிங்ஸ் காலேஜ் டாக்டருங்க திடீர்னு கல்லீரல் செயலிழந்த 8 குழந்தைங்களுக்கு ஆல்ஜினேட் மணிக்குள்ள கல்லீரல் செல் வச்சு வயித்துக்குள்ள விட்டாங்க, 4 பேருக்குக் கல்லீரல் மாத்தாமலே சரியாச்சு, 3 பேர் மாற்றுக் கல்லீரல் கிடைக்குற வரைக்கும் தாக்குப்பிடிச்சாங்க. அங்க செல் காலத்துக்கும் வாழ வேண்டாம், சொந்தக் கல்லீரல் தேறுற வரைக்கும் போதும், அதான் சூட்சுமம். கண்ணுலயும் வந்தாச்சு, 2025 மார்ச்ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற அமைப்பான எஃப்டிஏ, என்செல்டோங்குற சிகிச்சைக்கு அனுமதி குடுத்துச்சு, அரிதான ஒரு விழித்திரை நோய்க்கு. இதுல ஜெல் உருண்டை இல்ல, சவ்வு போட்ட குட்டிக் குழாய், உள்ள இருக்குற செல் கண்ணுக்குத் தேவையான புரதத்தைச் சுரந்துக்கிட்டே இருக்கும். கொஞ்சூண்டு புரதம் போதும், கண்ணுல எதிர்ப்பு சக்தியும் அடக்கி வாசிக்கும், அதனால சாத்தியமாச்சு.

கேள்வி: ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் மணி போட்டு சுகரைக் குணமாக்குறோம்னு பெரிய தொகை கேக்குறாங்க. போகலாமா?

பதில்: போகாதீங்க. டைப் 1க்கு ஜெல்லுக்குள்ள செல் வச்சுக் குடுக்குற அனுமதி பெத்த சிகிச்சை எதுவும் இன்னும் இல்ல. நிஜமான ட்ரையல்னா பதிவு நம்பர் இருக்கும், எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கும், மருந்துக்கு உங்ககிட்ட காசு கேக்க மாட்டாங்க. ஏற்கனவே போட்டவங்களோட சி-பெப்டைட் முன்னாடி எவ்வளவு, ஆறு மாசம் கழிச்சு எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. குடுக்க மாட்டாங்க.