‘பிரைவேட்’ என்பது எதைத் தடுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஜாவா நிரல்மொழியில் ‘கணக்கு’ என்ற கிளாஸ், அதாவது ஒவ்வொரு கணக்கையும் ஓர் ஆப்ஜெக்டாக உருவாக்கும் வார்ப்பு, எழுதி, அதில் ‘இருப்பு’ என்ற மாறியைப் பிரைவேட் ஆக்கினேன். பணம் அனுப்பும் மெத்தடுக்குள் (கிளாஸில் உள்ள செயல்பகுதிக்குள்) ‘பெறுபவர்.இருப்பு’ என்று எழுதி இன்னொருவர் கணக்கின் இருப்பை நேராகவே கூட்டினேன். நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுக்கும் என்று எதிர்பார்த்தேன், மறுக்கவில்லை. ஓர் ஆப்ஜெக்டின் பிரைவேட் மாறியை இன்னோர் ஆப்ஜெக்ட் எப்படித் தொட முடிகிறது?

பதில்: கம்பைலர் செய்தது சரிதான். பிரைவேட் என்பது ஓர் ஆப்ஜெக்டை மற்றோர் ஆப்ஜெக்டிடமிருந்து காப்பது என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் அது அப்படியல்ல. ஒரு வரியைப் படிக்கும்போது கம்பைலர் பார்ப்பது, அந்த வரி எந்தக் கிளாஸுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்பதையே. நிரல் ஓடும்போது அந்த வரியை எந்த ஆப்ஜெக்ட் இயக்கும் என்பதை அது கேட்பதே இல்லை. உங்கள் வரி ‘கணக்கு’ கிளாஸுக்குள் இருப்பதால், எந்தக் கணக்கின் இருப்பையும் அது தொடலாம். அதே வரியை ‘வங்கி’ என்ற வேறொரு கிளாஸில் எழுதினால் உடனே பிழை வரும். இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று ஒப்பிடும் மெத்தடும், சி பிளஸ் பிளஸ்ஸில் ஓர் ஆப்ஜெக்டைப் பார்த்து இன்னொன்றை உருவாக்கும் காப்பி கன்ஸ்டிரக்டரும் இந்த அனுமதியை நம்பியே எழுதப்படுகின்றன. எல்லா மொழிகளும் இந்த வழியில் செல்லவில்லை. ஸ்மால்டாக் மொழியில் ஓர் ஆப்ஜெக்டின் மாறிகளை அந்த ஆப்ஜெக்டின் சொந்த மெத்தடுகள் மட்டுமே தொட முடியும்.

அப்படியானால் பிரைவேட் எதற்கு? நாளைக்கு அந்தக் கிளாஸைத் திருத்தப்போகிறவருக்காக. இருப்பை ரூபாயில், தசம எண்களுக்கான டபுள் வகையில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். டபுளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும்; பணக் கணக்குக்கு இது ஆகாது. இதை உணர்ந்து, இருப்பைப் பைசாவில், முழு எண்களுக்கான லாங் வகையாக மாற்ற முடிவெடுக்கிறீர்கள். மாறி பப்ளிக்காக, அதாவது எங்கிருந்தும் தொடக்கூடியதாக இருந்தால், அதைத் தொட்ட ஒவ்வொரு கோப்பையும் தேடித் திருத்த வேண்டும்; ஒரே ஓரிடம் விடுபட்டாலும் அங்கே ரூபாயும் பைசாவும் கலந்துவிடும். பிரைவேட்டாக இருந்தால், திருத்த வேண்டிய வரிகள் அத்தனையும் ஒரே கிளாஸுக்குள் கண்ணெதிரே இருக்கும்.

ஆகவே, பிரைவேட் என்று எழுதிவிட்டு எல்லா மாறிகளுக்கும் கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) போட்டுவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைக்கொள்ளாதீர்கள். இருப்பை நினைத்தபடி மாற்றும் செட்டர் ஒன்று இருந்தால், மாறியைப் பப்ளிக்காக விட்டதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ‘செலுத்து’, ‘எடு’ என்ற இரண்டு மெத்தடுகளை எழுதி, இருப்புக்கு மேல் எடுக்க முடியாது என்ற விதியை அவற்றுக்குள்ளேயே வையுங்கள்.

கேள்வி: பைத்தானில் ‘__இருப்பு’ என்று இரண்டு அடிக்கோடு போட்டு எழுதினேன். வெளியிலிருந்து படித்தால் பிழை வருகிறது. ஆனால் ‘க’ என்ற கணக்கு ஆப்ஜெக்டுக்கு வெளியிலிருந்து ‘க.__இருப்பு = 0’ என்று எழுதினால் பிழையும் வரவில்லை, இருப்பும் மாறவில்லை. ஏன்?

பதில்: பைத்தானில் பிரைவேட் என்ற தடையே கிடையாது. கிளாஸுக்குள் எழுதப்படும் அத்தகைய பெயரைப் பைத்தான் ‘_கணக்கு__இருப்பு’ என்று மாற்றி வைத்துக்கொள்கிறது. கிளாஸுக்கு வெளியே எழுதிய வரியில் இந்த மாற்றம் நடப்பதில்லை. எனவே உங்கள் வரி, பழைய மாறியைத் தொடாமல், ‘__இருப்பு’ என்ற பெயரில் புதிய மாறி ஒன்றை அந்த ஆப்ஜெக்டில் ஒட்டிவிட்டது. அந்த ஆப்ஜெக்டின் மாறிகளைப் பட்டியலிடும் ‘க.__dict__’ என்ற அகராதியை அச்சிட்டுப் பார்க்கும்போது, இரண்டு பெயர்களும் அருகருகே இருப்பதைக் காணலாம். தாய்க் கிளாஸிலும் சேய்க் கிளாஸிலும் ஒரே பெயர் அமைந்து மோதிவிடாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ‘இதை வெளியிலிருந்து தொடாதீர்கள்’ என்று சக நிரலாளருக்குச் சொல்ல ஓர் அடிக்கோடே போதும். பைத்தான் உலகில் அந்தக் குறிப்பைப் பொதுவாக மதிப்பார்கள்.

கேள்வி: ஜாவாவில் மெயின் மெத்தடுக்குள் ‘இருப்பு’ என்று எழுதினால், ஸ்டாட்டிக் அல்லாத மாறியை ஸ்டாட்டிக் இடத்திலிருந்து குறிப்பிட முடியாது என்கிறது. மாறிக்கு முன் ஸ்டாட்டிக் சேர்த்ததும் பிழை போய்விட்டது. இது சரியா?

பதில்: சரியல்ல. உங்கள் மெயின் ஸ்டாட்டிக். எந்த ஆப்ஜெக்டும் உருவாகாத நிலையிலேயே ஓடத் தொடங்குவது. அங்கே வெறுமனே ‘இருப்பு’ என்றால், யாருடைய இருப்பு என்று கம்பைலருக்குத் தெரியாது. முதலில் நியூ மூலம் ‘க’ என்ற பெயரில் ஒரு கணக்கை உருவாக்கி, ‘க.இருப்பு’ என்று எழுதுங்கள். மெயின் அதே கிளாஸுக்குள் இருந்தால், மாறி பிரைவேட்டாக இருந்தாலும் இது செல்லும். நீங்கள் சேர்த்த ஸ்டாட்டிக்கோ, எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து ஒரே இருப்பு என்றாக்கிவிட்டது. ஒருவர் 1,000 ரூபாய் செலுத்தினால் அது எல்லார் கணக்கிலும் தெரியும். வட்டி விகிதம் போல உண்மையிலேயே எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான மாறிக்கு மட்டும் ஸ்டாட்டிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.