பாரடைஸ் பனிக்குப் போகிறோம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: சியாட்டில் பக்கம் இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஜனவரியில் அவர்களையும் மகளையும் மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவில் உள்ள பாரடைஸுக்குக் கூட்டிப்போக ஆசை. எல்லோருக்கும் டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்சிறகு அடைத்தது), பூட்ஸ், ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அகலமான சட்டம்) என்று பட்டியல் போட்டால் செலவு எங்கேயோ போகிறது. எங்கள் வண்டி ஆல் வீல் டிரைவ்தான், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலியையாவது விட்டுவிடலாமா?

பதில்: வேறு எதை விட்டாலும் சங்கிலியை விடாதீர்கள். நவம்பர் 1 முதல் மே 1 வரை பூங்காவுக்குள் வரும் எல்லா வண்டியிலும் சங்கிலி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆல் வீல் டிரைவுக்கும் விலக்கு இல்லை. வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி இடம் குறைவான சில கார்களில் கனமான சங்கிலி போடக்கூடாது. அவற்றுக்கு மெல்லிய கேபிள் வகையைச் சொல்லியிருப்பார்கள். பிரிக்காத சங்கிலியை சீசன் முடிவில் திரும்ப எடுத்துக்கொள்ளும் டயர் கடைகளும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். திருப்பிக் கொடுக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. கொட்டும் பனியில், விரல் விறைத்த நிலையில் முதல்முறை கற்றுக்கொள்ளும் வேலை அது இல்லை.

அடுத்து உடை. பாரடைஸ் சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. பசிபிக் கடலின் ஈரக்காற்று நேராக அந்த மலையில் மோதுவதால் பனி அப்படிக் கொட்டுகிறது; 1971–72 பருவத்தில் மட்டும் 93 அடிக்கு மேல் பெய்தது. அந்தப் பனி பெரும்பாலும் ஈரமும் கனமுமானது. டவுன் நனைந்தால் சூடு தராது. அதனால் விலை உயர்ந்த டவுன் ஜாக்கெட் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர் மேல் வாட்டர்ப்ரூஃப் மழைக்கோட்டும் பேண்ட்டும் போதும். லேபிளில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள், அது தூறலுக்குத்தான் தாங்கும். உள்ளே பருத்தி பனியனும் ஜீன்ஸும் கூடாது.

பெற்றோருக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடம் கால்தான். நீர் புகாத பூட்ஸ், கம்பளி சாக்ஸ், பூட்ஸ் மேல் இழுத்து மாட்டும் முள் பதித்த ரப்பர் பட்டை. கார் நிறுத்துமிடத்திலேயே வழுக்கும். இந்த வயதில் ஒரு விழுகை எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்னோஷூ வாடகைக்குத்தான். உடல் எடைக்கு ஏற்ற அளவு என்பதால் ஒவ்வொருவர் எடையையும் கடையில் சொல்லுங்கள். முன்பணம் கட்டுமுன் பூங்காவின் இணையதளத்தைப் பாருங்கள். பூங்காவுக்குள் கீழே இருக்கும் லாங்மையர் என்ற இடத்திலிருந்து மேலே பாரடைஸுக்குப் போகும் சாலையை இரவில் மூடிவிடுவார்கள், சில குளிர்காலங்களில் வார நடுவிலும் திறக்கவில்லை.

கேள்வி: மகளுக்கு மரத்தாலான சறுக்குவண்டி ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பாரடைஸில் சறுக்குவதற்கென்று ஒதுக்கிய இடத்தில், அது திறந்திருக்கும்போது மட்டுமே விளையாடலாம். மரவண்டிக்கும் அடியில் உலோகப் பட்டை வைத்ததற்கும் அங்கே அனுமதி இல்லை. காற்றடித்த டியூப் அல்லது பிளாஸ்டிக் தட்டு வாங்குங்கள், விலையும் குறைவு.